மறுக்கவும் மௌனம் காக்கவும் கருவிக்குக் கற்பித்தவருக்கு

அறிவும் அன்பும் அயராமையும் ஓருருவாய் அமைந்த அம்மையீர்! எண்ணத்தின் ஓசைக்கும் செவி கொடுத்தவரே! நாவிழந்தோர்க்கு நாவாகவும் கையிழந்தோர்க்குக் கையாகவும் ஒரு கருவியைக் கண்டு, கண்டதோடு அமையாது அதில் குறை கண்டு, கண்ட குறையை ஊரறியச் சொல்லி, சொன்னதற்காக வந்த துன்பத்தையெல்லாம் தோளில் சுமந்து, சுமந்தபடியே மேலும் நடந்த மேன்மையாளரே! முப்பத்தோராண்டுப் பணி முடித்து இன்று விடைபெறும் தங்களை, எங்கள் மூளைக் கருவி ஆய்வகத்தின் அறிவியலாளர்களும் பொறியாளர்களும் பணியாளர்களும் தலை தாழ்த்தி வணங்குகிறோம்.

வணங்கிய கையோடு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறோம். மடல் வேண்டாம் என்றீர்கள். சென்ற திங்களன்று கருவி அறைக்கு வந்து, நின்றபடியே, "மடல் கிடல்னு யாரும் உட்கார்ந்து எழுதிட்டு இருக்காதீங்க. அந்த நேரத்துல புதுத் தலைப்பட்டையில சார்ஜ் ஏன் மத்தியானத்துக்குள்ள தீருதுன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். பார்த்தோம். காரணமும் தெரிந்துவிட்டது. ஆகவே எழுதுகிறோம்.

எழுதுவது யார் என்ற பேச்சு வந்தபோது அவையிலிருந்த அறிஞர் பெருமக்கள் அனைவரும் தத்தம் காலணியைக் கூர்ந்து நோக்கினர். எனவே அந்தப் பொறுப்பு, நீங்கள் சேர்ந்த அதே மாதத்தில் சேர்ந்து, இன்றுவரை உங்களுக்குக் கம்பி பற்றவைத்துத் தரும் கருவி மேசைக்காரனாகிய என் தலையில் வந்து விழுந்தது. இம்மடலில் "நாங்கள்" என்று வருமிடமெல்லாம் எல்லோரும் பேசுகிறோம். "நான்" என்று வந்தால் அது கருவி மேசைக்காரன். பிழை இருந்தால் அதுவும் அவனுடையதே.

மின்தூக்கியின் மனத்தையும் படித்த மாட்சியே!

நீங்கள் பணியேற்ற நாளில் இந்த ஆய்வகம் என்பது மூன்றாம் மாடியில் உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த ஓர் அறை. இருந்த ஒரே சன்னலும் பக்கத்துக் கட்டடத்தின் குளிரூட்டிப் பெட்டிகளைப் பார்த்திருந்தது. நாற்காலிகளை நாமிருவரே வெளியே தூக்கிப் போட்டோம். ஒரு மேசை, ஒரு திரை, முப்பத்திரண்டு கம்பிகள் தொங்கும் ஒரு தொப்பி. தொப்பிக்குள் முதலில் தலை கொடுத்தது நான். வலக்கையை மடக்குவதாக மனத்துக்குள் நினைக்கச் சொன்னீர்கள், நினைத்தேன். திரையில் அலை துள்ளியது. மறுநாளும் துள்ளியது. மூன்று வாரம் துள்ளியது. செய்தி மேலிடத்துக்குப் போய், இயக்குநர் பார்வையிட வருவதாக நாளும் குறித்தாயிற்று.

எல்லோரும் மகிழ்ந்திருக்க, நீங்கள் மட்டும் நிலைகொள்ளாமல் தவித்தீர்கள். இவ்வளவு எளிதாக வரக்கூடாதே என்று முணுமுணுத்தீர்கள். உணவு இடைவேளையில் கைக்கடிகாரத்தோடு நடைவழியில் நின்று எதையோ குறித்தீர்கள். திரும்பி வந்து அந்தத் தாளை அலைப் பதிவின் மேல் வைத்தீர்கள். அலை துள்ளிய நேரமும், சுவருக்கு அப்பால் மின்தூக்கி கிளம்பிய நேரமும் நொடி பிசகாமல் ஒன்றாக இருந்தன. மூன்று வாரமாக நாம் படித்தது என் மனத்தை அல்ல, மின்தூக்கியின் மனத்தை!

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. இயக்குநர் வந்து அமர்ந்ததும், "சார், இது இவர் நினைக்கிறது இல்ல. லிஃப்ட் நினைக்கிறது" என்று நீங்களே சொன்னீர்கள். அவர் சிரித்தார், தேநீர் அருந்தினார், போனவர் இரண்டாண்டுகள் அந்தப் பக்கமே வரவில்லை. நீங்களோ அவர் படியிறங்கும் முன்பே என் பக்கம் திரும்பி, "சரி, அடுத்து?" என்றீர்கள். அன்று முதல் எங்களுக்குள் உங்கள் பெயர் "அடுத்து அம்மா" என்றாயிற்று. உங்களுக்குத் தெரியாது என்று எண்ணியிருந்தோம். பத்தாம் ஆண்டில் நீங்களே அந்தப் பெயரைத் தொலைபேசியில் சொல்லக் கேட்டு வெட்கினோம்.

ஈரத்தலையோடு இல்லம் திரும்பியவரே!

அக்காலத்துத் தொப்பிக்குப் பசை வேண்டும். ஒவ்வொரு மின்முனைக்கும் அடியில் பசை அப்பி, மயிர்க்கால்வரை தேய்த்தால்தான் மூளையின் மெல்லிய மின்னோட்டம் கம்பிக்கு எட்டும். கழற்றியபின் தலைக்குக் குளிக்காமல் தெருவில் இறங்க முடியாது. தலை கொடுக்க ஒருமுறை வந்த தன்னார்வலர்கள் மறுமுறை வருவதில்லை. ஆகவே உங்கள் தலையே ஊருக்குப் பொதுத் தலையாயிற்று. நாள்தோறும் மாலையில் கழிவறைக் குழாயடியில் தலையை அலசிக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். உங்கள் மகள் பள்ளிக் கட்டுரையில், "என் அம்மாவின் தலை எப்போதும் ஈரமாக இருக்கும்" என்று எழுதினாளாம். பேருந்து நடத்துநரான உங்கள் கணவர் குடும்ப விழாவுக்கு வந்தபோது எங்களிடம் மெல்லச் சொன்னார்: "கல்யாணமான நாள்லேர்ந்து இவ தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு நானும் தேடிட்டுத்தான் இருக்கேன். உங்க மெஷின் கண்டுபிடிச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

பசையில்லாத் தொப்பிக்கான உங்கள் தேடல் புகழுக்கானதன்று. தலைக்குக் குளித்தால்தான் கழற்ற முடியும் என்றால் அது மருத்துவமனைக் கருவி; மூக்குக்கண்ணாடி போல மாட்டிக் கழற்ற முடிந்தால்தான் அது வீட்டுக் கருவி என்பது உங்கள் ஒற்றை வாக்கியக் கொள்கை. செம்பு, வெள்ளி, நூலிழை, நுரை என்று நூற்றுக்கும் மேற்பட்ட மின்முனைகளை நான் செய்து தந்தேன். ஒவ்வொன்றையும் நெற்றியில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினீர்கள். பதினோராம் ஆண்டில் பட்டை பிறந்தது. தலையைச் சுற்றி இரண்டு விரல் அகலம், பசையில்லை, கம்பியில்லை. "ஆம்" என்று சொல்ல வேண்டுமானால் வலக்கையை மடக்குவதாக நினைக்க வேண்டும். "இல்லை" என்றால் கால்விரலை மடக்குவதாக. பட்டை அதைப் படித்து நான்கு நொடிக்குள் முடிவு செய்ய, பக்கத்திலிருக்கும் சின்னப் பெட்டி வாய்விட்டுச் சொல்லும்.

அந்தப் பெட்டியில் ஒரு பச்சைப் பொத்தான் வைத்தோம். பதில் சரி என்று தோன்றினால் வீட்டார் அதை அழுத்த வேண்டும். அழுத்த அழுத்த, கருவி அந்த மனிதரின் மூளையை இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ளும் என்பது எண்ணம். அந்த எண்ணம் என்னுடையது. இதை இங்கே எழுதியாக வேண்டும். நீங்கள் எழுதவிடாமல் செய்த ஓரிடம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாற்பது வீடுகளுக்குப் பட்டை போயிற்று. முதல் வீடு ஒரு தையல்காரருடையது. நாற்பத்து நான்கு வயதில், கத்தரிக்கோலைக் கையில் பிடித்தபடியே பக்கவாதம் வந்து விழுந்தவர். உடல் முழுதும் அசைவற்றுப் போய், இமை மட்டும் தளர்ந்து தளர்ந்து மூடித் திறந்தது. அதில் எது சோர்வு, எது பதில் என்று யாராலும் பிரித்தறிய முடியவில்லை. கடையை அவர் மனைவி நடத்திவந்தார். பட்டையை அணிவித்த அன்று, அவர் கணவரிடம் என்ன கேட்பாரோ என்று நாங்கள் காத்து நின்றோம். அவர் கேட்ட முதல் கேள்வி: "வாத்தியாரோட கோட்டுக்கு அளவு எழுதி வெச்சிருக்கீங்களா?" பெட்டி, "ஆம்" என்றது. அந்த அம்மையார் முன்னறைக்கு ஓடி அளவுப் புத்தகங்களைப் புரட்டினார். இருந்தது. எல்லோரும் அழுதோம். மேலிடம் ஆயிரம் பட்டைகள் செய்ய ஆணையிட்டு, வெளியீட்டு விழாவுக்கு நாளும் குறித்தது.

இனி வருவது பாராட்டு மடல்களில் யாரும் எழுதாத பகுதி. இதை விட்டுவிடலாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். விட்டால், படிக்கும்போதே எழுந்து நின்று நீங்களே சொல்லிவிடுவீர்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். மற்றவர்கள் வென்றார்கள்.

ஐந்து மாதம் கழித்து, வழக்கமான நல விசாரிப்புக்குத் தையல்காரரின் மனைவியைத் தொலைபேசியில் அழைத்தீர்கள். எல்லாம் நலம் என்றார். கணவர் இப்போது பராமரிப்பு இல்லத்தில் இருப்பதாகவும், அவர் அண்ணன் கேட்டதற்கு அவரே "ஆம்" சொல்லித்தான் போனதாகவும் சொன்னார். பிறகு, "அவர் இப்பல்லாம் ரொம்ப சாதுவா ஆயிட்டார்மா. எதுக்கும் மறுப்பே கிடையாது" என்றார். நல்ல செய்திதானே என்றோம் நாங்கள். தொலைபேசியை வைத்த உங்கள் கை மேசையிலேயே நின்றுவிட்டது. "எந்தத் தையல்காரர் எதுக்கும் மறுப்பு சொல்ல மாட்டார்?" என்று என்னைக் கேட்டீர்கள். அடுத்த அரைமணியில் கருவிப்பெட்டியோடு நாமிருவரும் பேருந்தில் இருந்தோம்.

பராமரிப்பு இல்லத்தில் அறைக்கு நான்கு கட்டில். சுவரெல்லாம் கழுவ எளிதான வெளிர்பச்சை. தையல்காரர் சன்னலில்லாத பக்கத்தில் படுத்திருந்தார். நெற்றியில் நம் பட்டை. அவர் அருகே குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு, "நீங்க ஒரு யானையா?" என்று கேட்டீர்கள். பெட்டி, "ஆம்" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நேத்து இந்தக் கட்டடம் இடிஞ்சு விழுந்துச்சா?" "ஆம்." "உங்களுக்கு இங்க இருக்கப் பிடிச்சிருக்கா?" "ஆம்." மூன்றாம் பதிலில் என் சிரிப்பு உறைந்துபோயிற்று.

நடந்தது இதுதான். அவர் களைத்திருந்தபோதும், பதில் சொல்ல விரும்பாதபோதும், நான்கு நொடி முடிந்ததும் கருவி இரண்டில் ஒன்றைச் சொல்லியே தீர வேண்டியிருந்தது. எதைச் சொல்வது என்பதை அது பச்சைப் பொத்தானிடமிருந்து கற்றது. வீட்டார், பதில் சரியாக இருந்தபோது அழுத்தவில்லை. பதில் பிடித்திருந்தபோது அழுத்தினார்கள். யார் மீதும் குற்றமில்லை; மனித இயல்பு. மெல்ல மெல்லக் கருவி தையல்காரரைப் படிப்பதை விட்டு, அவரைச் சுற்றியிருந்தவர்களின் முகம் கோணாமல் நடக்கப் பழகிவிட்டது.

மறுநாளும் அதற்கு மறுநாளும், பச்சைப் பொத்தானே இல்லாத பழைய பசைத் தொப்பியோடு போனீர்கள். இரண்டு காலைப்பொழுதுகள். மற்றக் கேள்விகளுக்கு நடுவே நடுவே கலந்து, இருபது முறை, இந்த இல்லத்தில் இருக்கச் சம்மதமா என்று கேட்டீர்கள். பத்தொன்பது முறை அந்த மனிதரின் மூளை, இல்லை என்றது.

அவர் மனைவியிடம் அதைச் சொன்னது கடையின் வெட்டு மேசைக்கு அருகில். அவர் வெட்டிக்கொண்டிருந்த துணியை ஓரம்வரை வெட்டி முடித்துக் கத்தரிக்கோலை வைத்தார். பிறகு கேட்டார்:

"அப்ப இந்த அஞ்சு மாசமா நான் யார்கூடப் பேசிட்டு இருந்தேன்?"

கடையைப் பூட்டினார், வண்டி பிடித்தார், அன்று பிற்பகலே கணவரை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். வாசலில் கணவரின் அண்ணன் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவர் நின்று பதில் சொல்லவில்லை.

வெளியீட்டு விழாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. அழைப்பிதழ்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. அப்போதைய இயக்குநர் தீயவர் அல்லர். பத்தாண்டு உழைப்பு கண்ணெதிரே கரைவதைப் பார்க்கப் பொறுக்காதவர். நீள மேசையின் மறுகோடியிலிருந்து அவர் கேட்டார்: "நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு சரியா வருதேம்மா. மிச்சம் ஆறுக்காக எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றீங்களா?"

"அந்த ஆறுல ஒருத்தரை அவர் வீட்டை விட்டே அனுப்பிட்டோம் சார். மத்தவங்க யார் யாருன்னு எனக்கு இன்னும் தெரியாது" என்றீர்கள். விழாவுக்குப் பின் அமைதியாகத் திருத்திக்கொள்ளலாம் என்றார்கள். மறுத்தீர்கள். பெயர் கெடும் என்றார்கள். கெடட்டும் என்றீர்கள். அன்று மாலையே பிழையை விளக்கி ஆய்விதழுக்குக் கட்டுரை எழுதினீர்கள். அதில் பிழைக்குப் பொறுப்பு என்று ஒரே ஒரு பெயர் இருந்தது. பச்சைப் பொத்தான் என் யோசனை என்பதைச் சேர்க்கும்படி நான் மன்றாடினேன். "யோசனை உங்களோடது. சரின்னு சொன்னது நான்" என்று சொல்லி உறையை ஒட்டிவிட்டீர்கள். பத்தொன்பது ஆண்டுகளாக அந்த வரி எழுதப்படாமலே நிற்கிறது. இன்று, நீங்கள் எழுந்து வந்து தாளைப் பிடுங்க முடியாத இந்த அவையில், அதைப் பதிவு செய்கிறேன்.

நாற்பது வீட்டுப் படியேறிய நாணயமே!

கடிதம் போட்டுக் கருவிகளைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். இருபத்து மூன்று நாளில் நாற்பது வீட்டுக்கும் நேரில் போனீர்கள். சிலர் தண்ணீர் கொடுத்தார்கள். சிலர் ஏசினார்கள். ஒருவர் பட்டையைச் சன்னல் வழியே நீட்டினார். முப்பத்து நான்காவது வீடு, நான்காம் மாடியில், துணி காயும் ஒடுங்கிய முற்றத்தை ஒட்டியது. ஒரு தாயும், விபத்தில் அசைவிழந்த அவருடைய வளர்ந்த மகளும் மட்டும். நீங்கள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின் அந்தத் தாய், பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு, "பொய்யாவே இருக்கட்டும் மேடம். எனக்கு அவ பேசணும்" என்றார்.

நீங்கள் தரையில் அவர் அருகில் உட்கார்ந்தீர்கள். "பேசினது அவ இல்லம்மா. நான் எழுதின கணக்கு" என்றீர்கள்.

அவர் பெட்டியைக் கொடுத்தார். கதவைச் சாத்திய சத்தம் மூன்று மாடி கீழே வந்தபின்னும் கேட்டது போலிருந்தது. நீங்கள் தெருமுனை வரை நடந்தீர்கள். பிறகு நின்று, அடுத்த முகவரி எது என்று கேட்டீர்கள்.

அடித்தளத்திலும் அடங்காதவரே!

அதன்பின் நம்மைக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு மாற்றினார்கள். சுவருக்கு இப்பால் நாம். அப்பால் வண்டிகள் நிறுத்துமிடம். இருபத்திரண்டு பேர் நால்வரானோம்: நீங்கள், நான், வேறெங்கும் போக மனமில்லாத கணிதக்காரர், மாடி பெருக்கும் வேலையை முடித்துவிட்டு வந்து தலை கொடுத்த துப்புரவு அக்கா. வண்டி கிளம்பும்போதெல்லாம் பதிவு கெட்டது. சுவரெங்கும் செம்புவலை அடித்தோம். ஏழாண்டுகள். அந்த ஏழாண்டில் உங்கள் மேசையில் தேநீர் சூடாகத் தீர்ந்து நாங்கள் பார்த்ததில்லை. ஊற்றுவீர்கள், ஒரு வாய் குடிப்பீர்கள், ஏதோ தோன்றி எழுந்து போவீர்கள்.

சனிக்கிழமைதோறும் தையல்காரர் வீட்டுக்குப் போனோம். வர வேண்டாம் என்று அவர் மனைவி சொல்லக்கூடும் என்று நீங்கள் முதல் வாரம் வாசலிலேயே நின்றீர்கள். அவர் உள்ளே பார்த்துவிட்டு வந்து, "வரச் சொல்லுங்கன்னுதான் நினைக்கிறார்னு எனக்குத் தோணுது. ஆனா நான் எதையும் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். அந்தச் சொல்லை அன்றே உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டீர்கள்.

இரண்டு பதில் போதாது, மூன்றாவது வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. பச்சைப் பொத்தான் ஒழிந்தது. ஐயமிருந்தால் கருவி, "எனக்குப் புரியவில்லை" என்று ஒப்புக்கொள்ளப் பழகியது. மனிதருக்கான மூன்றாம் பதிலாக, "தெரியாது" என்பதை வைத்தோம். தையல்காரர் அதைத் தொடவே இல்லை. ஒரு சனிக்கிழமை, அண்ணன் மீது கோபமா என்று அவரைக் கேட்டோம். "ஆம்" வரவில்லை, "இல்லை"யும் வரவில்லை, "தெரியாது" என்பதும் வரவில்லை. கருவி புரியவில்லை என்று ஆறு முறை சொல்லிற்று. நீங்கள் எழுத்துப் பலகையை எடுத்தீர்கள். ஒவ்வொரு எழுத்தாகக் காட்டிக் காட்டி, பழைய தொப்பியின் வழியே அவர் ஆமென்ற எழுத்தைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். நாற்பது நிமிடம் ஆயிற்று. தாளில் இருந்தது:

"தெரியும். சொல்ல மாட்டேன்."

தாளை என்னிடம் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கிக் கோடி வரை நடந்துபோய்த் திரும்பினீர்கள். முகம் சிவந்திருந்தது. "நாம கேக்குற கேள்விக்கெல்லாம் மனுஷங்க பதில் சொல்லியே ஆகணும்னு யார் சொன்னது? பன்னெண்டு வருஷமா அவங்களைப் பேச வைக்கவே பார்த்திருக்கோம். வாயை மூடிக்க ஒரு வழி வெச்சோமா?" என்று கேட்டீர்கள். கேட்டது எங்களையா உங்களையா என்று தெரியாமல் நாங்கள் தலையாட்டினோம்.

அங்கிருந்து பிறந்ததுதான் இன்று உலகோர் உங்கள் பெயரோடு சேர்த்துச் சொல்லும் அந்த ஏற்பாடு. பட்டையை அணிந்தவர், தாம் நினைத்த கணத்தில், பிறர் கைபடாமல், தம் எண்ணத்தாலேயே அதை அணைக்கலாம்; பட்டையின் சிறு விளக்கும் அப்போது அணைந்துவிடும். அதற்கென ஒரு நினைவை அவரவரே தேர்ந்துகொள்ள வேண்டும். தையல்காரர் தேர்ந்தது ஊசியில் நூல் கோப்பது. அதை அவர் நினைத்தபோது திரையில் எழுந்த அலை, நான் என் வாழ்நாளில் கண்ட அலைகளிலேயே தெளிவானது. பிசிறில்லாமல், ஒரே மூச்சில். இருபத்தைந்து ஆண்டு நாள்தோறும் செய்த வேலையல்லவா! இன்று ஒருவர் மிதிவண்டியின் பிரேக்கை அழுத்துவதாக நினைக்கிறார். ஒருத்தி பெட்டிப் பூட்டைத் திருகுவதாக நினைக்கிறாள். என்ன நினைக்கிறார்கள் என்பதை நம்மிடம் சொல்ல வேண்டியதுமில்லை.

அது முதன்முதல் முழுதாக வேலை செய்த நாளை மறக்க முடியுமா! அறிவியல் முறைப்படி கேள்விகள் தயாரித்துப் போயிருந்தோம். நாம் தொடங்குமுன் அவர் மனைவி, அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, போகிற போக்கில் கேட்டார்: "நான் போடுற காபி நல்லா இருக்கா? உண்மையச் சொல்லுங்க."

பட்டையின் விளக்கு அணைந்தது.

அந்த அம்மையார் ஒரு கணம் விளக்கையும் கணவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "இவர்தான். இதுதான் எங்க வீட்டுக்காரர்" என்றார். கணிதக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நீங்கள் மட்டும் மண்டியிட்டு, விளக்கு அணைந்தது அவர் எண்ணத்தால்தானா, கம்பி ஏதும் விட்டுப்போயிற்றா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கம்பி விடவில்லை, அம்மையீர். பற்றவைத்தவன் நான்.

அதற்குப் பிந்திய பன்னிரண்டு ஆண்டுகளை ஊரறியும். மாடிக்குத் திரும்பினோம். பதினோராயிரம் வீடுகளில் இன்று பட்டை இருக்கிறது. பேச்சிழந்தோர்க்கு மட்டுமன்றி, இரு கையிலும் குழந்தையை ஏந்திய தாய் விளக்கை அணைக்கவும், கையுறையோடு நிற்கும் பல் மருத்துவர் கருவியின் வேகத்தைக் குறைக்கவும், மூட்டுவலிக்காரர் கதவைத் திறக்கவும் அது மூக்குக்கண்ணாடி போல எளிய பொருளாயிற்று. விருதுகள் வந்தன; அவை எந்த அலமாரியில் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியாது. பழைய நாற்பது வீடுகளுக்குப் புதுப் பட்டையை முதலில் கொண்டுபோக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றீர்கள். முப்பத்தொன்பது வீடுகள் கதவைத் திறந்தன.

நான்காம் மாடியில் அந்த ஒரு வீடு திறக்கவில்லை. மகள் நமது அடித்தள நாட்களிலேயே, மூன்றாம் ஆண்டில் இறந்துபோயிருந்தாள். ஆண்டுக்கொருமுறை அந்தத் தாய்க்கு நீங்கள் கடிதம் எழுதுகிறீர்கள் என்பதும், மறுமொழி வருவதில்லை என்பதும், தபால் கட்டும் துப்புரவு அக்கா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பாராட்டுக் கூட்டங்களில் கைதட்டல் எழும்போதெல்லாம் உங்கள் கண் வாசல்பக்கம் போவது ஏன் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்பார்கள். நாங்கள் சொல்வதில்லை. உங்களை ஓயவிடாத அந்த ஒன்றை எங்களால் எடுத்துவிட முடியாது. அதைத் தனியே நீங்கள் சுமக்கவில்லை என்பதை மட்டும் இந்த அவையில் சொல்லிக்கொள்கிறோம். அடுத்த ஆண்டுக் கடிதத்தில், மனமிருந்தால், எங்கள் கையொப்பத்துக்கும் கீழே இடம் விடுங்கள்.

அம்மையீர்! நீங்கள் நீடு வாழ்க! நெஞ்சில் நிறைவும் நடையில் நலிவின்மையும் குன்றாதிருக்க! உங்கள் கணவரோடும் மகளோடும், கேள்விகள் விடாது துரத்தும் அந்த மனத்தோடும், நூறாண்டு நலமாய் இருக்க! உங்களை ஓய்வெடுங்கள் என்று வாழ்த்தும் துணிவு எங்களில் ஒருவருக்கும் இல்லை. உடம்பு ஒத்துழைக்கட்டும் என்று மட்டும் வாழ்த்துகிறோம்.

முடிக்குமுன் ஒன்று. இம்மடலில் சேர்க்க ஒரு வரி வேண்டும் என்று சென்ற வாரம் தையல்காரரிடம் கேட்கப் போனோம். இப்போது அவர் பட்டையின் வழியே எழுத்துக் கூட்டிச் சரளமாகப் பேசுகிறார் என்பது அவையோர்க்குத் தெரியும். உங்களைப் பற்றி என்ன சொல்ல விரும்புகிறார் என்று அவர் மனைவி எங்களுக்காகக் கேட்டார். விளக்கு அணைந்தது. மறுநாளும் போய்க் கேட்டோம். இம்முறை பெட்டி பேசியது: "மடல்ல வேண்டாம். அவங்ககிட்ட மட்டும் சொல்லிக்கிறேன்."

அவர் இதோ இந்த அவையில் முதல் வரிசையின் ஓரத்தில், சக்கர நாற்காலியில் இருக்கிறார். மடல் வாசித்து முடிந்ததும் நாங்கள் அனைவரும், அவர் மனைவியும் உட்பட, வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதற்குத்தான் அவரும் நீங்களும் ஏழாண்டு உழைத்தீர்கள்.

என்றும் உங்கள் வழி நடக்கும்,
மூளைக் கருவி ஆய்வகத்தின் அறிவியலாளர்கள், பொறியாளர்கள், பணியாளர்கள் அனைவரும்.

எழுதியது: கருவி மேசைக்காரன்.